மூடிய வண்டி

வாருங்கள், உங்களைப் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். ஒரு தைல வர்ண ஓவியத்தின் முன்னால் என்னோடு கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

குளிர் காலம். தரையில் பனி. தெரு நெடுகச் சாம்பல் நிறத்தில் ஒரு மதில். அந்த மதில் ஓரமாகச் சிப்பாய்கள் ஒரு பெண்ணை நடத்திக்கொண்டு போகிறார்கள். கந்தல் உடுத்தியிருக்கிறாள். கையில் பச்சைக் குழந்தை. பக்கத்தில் இன்னொரு சிறுவன்.

இத்தனை ஆண் பிள்ளைகள் காவல் வர, அவள் செய்த குற்றம்தான் என்ன? திருடினாளா? யாரையாவது அடித்தாளா? அதெல்லாம் இல்லை. அவளுக்கு வீடு இல்லை. அதுதான் குற்றம்!

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸ் நாட்டின் 1810-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் அப்படித்தான் சொல்லிற்று. நிலையான இருப்பிடம் இல்லை, பிழைக்க வழி இல்லை, வழக்கமாகச் செய்யும் தொழிலும் இல்லை என்றால் அந்த ஆள் 'நாடோடி'. மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறைவாசம். வீடில்லாதவருக்குச் சர்க்கார் கொடுத்த வீடு அது! அந்தச் சட்டம் ஒரேயடியாகத் தொலைந்தது 1994-ல்தான்.

படத்தை எழுதியவர் ஆல்பிரட் ஸ்டீவன்ஸ். பெல்ஜியம் நாட்டில், பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் 1823-ல் பிறந்தவர், பாரிஸில் குடியேறியவர். ராஜா ராணிகளையும் யுத்தங்களையும் தீட்டினால்தான் பெரிய ஓவியர் என்று பேர் கிடைத்த காலத்தில், வீட்டிலும் தெருவிலும் நடப்பதைத் தீட்டியவர்களில் ஒருவர். 1854-ல் எழுதிய இந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர், 'நாடோடித்தனம் என்று சொல்லப்படுவது'. "சட்டம் இப்படிச் சொல்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்பது போல் இல்லை?

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். மதிலில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைக் கவனித்தீர்களா? ஒன்று சொத்து ஏலத்துக்கு. இன்னொன்று நடன விருந்துக்கு. ஒருவருக்கு வீட்டின் மேல் வீடு, இன்னொருவருக்கு விருந்தின் மேல் விருந்து. நடுவில் இவள்!

அதோ, நல்ல உடை உடுத்திய ஒரு சீமாட்டி. கையில் இருந்த பணப்பையை எடுத்து நீட்டுகிறாள். சிப்பாய் கையை உயர்த்தித் தடுக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை; சட்டத்துக்குப் பசி தெரியாது. அருகில் வயதான தொழிலாளி ஒருவரும் இருக்கிறார். அவருடைய மனமும் பொறுக்கவில்லை.

1855-ல் பாரிஸில் ஒரு மாபெரும் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. அங்கே இந்தப் படமும் இடம் பெற்றது. சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிவிட்டதாம். தம் சிப்பாய்கள் செய்யும் வேலையா இது என்று பதறி, இனி இத்தகையவர்களைத் தெருவில் நடத்திச் செல்லக் கூடாது, மூடிய வண்டியில்தான் கொண்டு போக வேண்டும் என்று உத்தரவிட்டார் என்பார்கள்.

ஒரு படம் சக்கரவர்த்தியையே அசைத்துவிட்டதே என்று கை தட்டத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒரு தாய் குழந்தைகளோடு பனியில் நடக்க வேண்டாம். ஊரார் பார்வையில் கூனிக் குறுக வேண்டாம். அதுவும் கருணைதான், மறுக்கவில்லை.

ஆனால் சிறை போகவில்லையே, அம்மா! வண்டிதானே வந்தது? கதவைச் சாத்திய வண்டி போகிற தெருவில் அந்தச் சீமாட்டி எதற்காக நிற்பாள்? பையை எதற்காகத் திறப்பாள்? அந்தக் கிழவருடைய மனம் எதைப் பார்த்துத் துடிக்கும்? அவளுக்கு மிஞ்சியிருந்தவை இரண்டு ஜோடிக் கண்கள். வண்டி அவற்றையும் மறைத்துவிடும்!

ஸ்டீவன்ஸின் பிற்காலம் வேறு விதம். பட்டு உடுத்திய பாரிஸ் சீமாட்டிகளைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்றார். கடிதம் படிக்கும் பெண், கண்ணாடி முன் நிற்கும் பெண், நம் காஷ்மீரச் சால்வை போர்த்திய பெண் என்று எத்தனையோ! 1867-ஆம் வருஷத்துப் பொருட்காட்சியில் அவருடைய 18 படங்கள் இருந்தன. முதல் வகுப்புப் பதக்கமும் கிடைத்தது. பட்டின் பளபளப்பை அவரைப் போல் தூரிகையில் கொண்டு வந்தவர்கள் குறைவு. கந்தலின் பக்கம் மட்டும் அவர் பிறகு அதிகம் திரும்பவில்லை. 1906-ல் பாரிஸிலேயே காலமானார்.

பணம் கொடுத்தவர்கள் பட்டைத்தான் கேட்டார்கள். ஓவியருக்கும் குடும்பம் உண்டு. குறை சொல்ல நாம் யார்? நாமும்தான் சில தெருக்களில் போகும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். குழந்தை, "அம்மா, அது யார்?" என்று கேட்டால், "அந்தப் பக்கம் பார்க்காதே" என்கிறோம். மூடிய வண்டிகளில் இதுவும் ஒரு வகை; உள்ளே உட்கார்ந்திருப்பது மட்டும் நாம்.

பாரிஸில் ஸீன் நதிக் கரையில், பழைய ரயில் நிலையம் ஒன்றை 1986-ல் ஓவிய மாளிகையாகத் திறந்தார்கள். ஓர்ஸே என்று பெயர். இந்தப் படம் அந்த மாளிகைக்குச் சொந்தம். சக்கரவர்த்தியும் போனார், அவருடைய சாம்ராஜ்யமும் போயிற்று. அந்தத் தாய் மட்டும் கையில் குழந்தையோடு, எல்லோரும் பார்க்க, இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.

அவளை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்த ஒருவராலும் முடியவில்லை.