நெய்யூர் மருத்துவர் கேட்ட கேள்வி

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல்களை ஒட்டி ஓடும் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வயிற்றில், நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புள்வரை நேராக இறங்கியிருந்த பழைய தழும்பைக் கண்டு, அது எதனால் வந்ததென்று விசாரித்தேன்.

"குடல்புண்ணு தம்பி. நேத்துக் குடிச்ச கஞ்சி இன்னிக்கு அப்படியே வாந்தியா வரும். வயிறு உப்பிக்கிட்டு, நடந்தா உள்ள தண்ணி தளும்பும். மதுரைக்குப் போயி ஆப்பரேசன் பண்ணுன பெறகுதான் சோறு இறங்குச்சு" என்றார்.

தென்னாட்டுக் குடற்புண்ணின் விசேஷ லட்சணம் முழுவதும் அந்தப் பேச்சில் அடங்கியிருந்தது. இரைப்பையை விட்டு ஆகாரம் சிறுகுடலுக்குள் புகும் முதற்பகுதியில் ரணம் உண்டாகி, ஆறி, மறுபடியும் உண்டாகி, வடுவின்மேல் வடு விழுந்து, நாளடைவில் அந்த வாசலே சுருங்கி அடைபட்டுவிடும். மேல்நாட்டில் இந்நோய் இரத்தப்போக்காகவோ குடலில் துவாரமாகவோ வெளிப்படுவது அதிகம் என்றால், இங்கே இந்த அடைப்பே, அதிலும் ஆண்களிடத்தில், மிகுதியாகக் காணப்பட்டது.

இதை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் டாக்டர் ஹோவார்ட் சாமர்வெல். 1922-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் யாத்திரை முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்த அவர், அந்நாளில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததும் இப்போது குமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் திரண்டு நின்ற நோயாளிகளையும், அவர்களுக்கிடையே ஓய்ந்துபோயிருந்த தகுதிபெற்ற ஒரே ரண சிகிச்சை நிபுணரையும் கண்டு, லண்டனில் காத்திருந்த உத்தியோக வாழ்வைத் துறந்து அங்கேயே தங்கத் தீர்மானித்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை பிராணவாயுக் கருவியின்றி ஏறி, இறங்கும் வழியில் தொண்டை அடைத்து உயிர் போகும் நிலைக்கு வந்து தப்பிய மனிதர், அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் ஏழைகளின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது, எனக்கு அந்தச் சிகரத்தைவிட இந்தச் சேவையே பெரிதாகத் தோன்றுகிறது.

அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையையும் அதற்கு அப்பாலுள்ள சிறுகுடலையும் நேரே இணைத்து ஆகாரத்துக்குப் புதுவழி வகுப்பதே அக்காலச் சிகிச்சை. உடன் பணியாற்றிய ஐயன் ஆருடன் சேர்ந்து அந்த அனுபவத்தை 1936-இல் பிரிட்டிஷ் ரண சிகிச்சைச் சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். இணைத்த இடத்தில் மறுபடி புண் வராமலிருக்க, இரைப்பையின் இரத்தக்குழாய்களைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையை 1945-இல் எழுதினார்.

ஆனால் கத்தியோடு அவர் நிற்கவில்லை. வடக்கே இவ்வளவு அபூர்வமான வியாதி தெற்கே இவ்வளவு மலிந்திருப்பானேன் என்று கேட்டார். குன்னூரில் ஆகார ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் ராபர்ட் மக்காரிசன், பஞ்சாபியரின் கோதுமை ரொட்டியும் பாலும் சில எலிகளுக்கும், திருவாங்கூர் ஏழையின் மரவள்ளிக்கிழங்கு ஆகாரம் வேறு சிலவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, கிழங்கு தின்றவற்றில் கால் பங்குக்கு மேல் இரைப்பையிலோ குடலிலோ புண் கண்டது. ஆகவே சோற்றுத்தட்டின்மீது சந்தேகம் விழுந்தது நியாயமே.

பின்னர் 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைப் பிரித்தெடுத்து, இந்நோய்க்கு அதுவே பிரதான காரணம் என்று காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று பெரும்பாலோர்க்குக் கத்தி தேவைப்படுவதில்லை. இரண்டு வார மாத்திரைகள் போதும்.

எனினும், அந்தக் கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவலாக இருந்தும் புண் மட்டும் அரிசியையும் கிழங்கையும் நம்பிய பிரதேசங்களில் மிகுந்திருந்ததை, மைசூரில் பணியாற்றிய ரண சிகிச்சை நிபுணர் ஃபிராங்க் டோவி சுட்டிக்காட்டினார். தீட்டாத கோதுமையிலும் சில சிறுதானியங்களிலும் பயறுகளிலும் உள்ள கொழுப்புச்சத்து குடலைக் காக்கக்கூடும் என்பது அவர் துணிபு. அவர் குறிப்பிட்ட பயறுகளில் கொள்ளும் ஒன்று.

இதைச் சொன்னபோது, ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர், தம் சிறுவயதில் மேட்டுக்காட்டில் கொள்ளும் கம்புமே விளைந்தன என்றும், பிறகு எப்போதும் நெல்லுச்சோறுதான் என்றும் சொல்லிவிட்டு, தழும்பின்மேல் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டார்.