கனடாத் தமிழர் ஒளிப்படங்கள்: இணையத்தில் உரிமைக் காப்பும் திருத்த வரம்பும்

கனடாவில் வாழும் ஈழத்தமிழரின் சமூக வரலாற்றுக்கு அரங்கேற்றம், திருமணம், கோயில் திருவிழா ஆகியவற்றின் ஒளிப்படங்கள் முதன்மைச் சான்றுகளாகும். இவை இணையத்தில் ஏற்றப்படும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன: எடுத்தவரின் பெயர் மறைகிறது, அழகுபடுத்தும் முனைப்பில் சான்றும் அழிகிறது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

கனடாச் சட்டப்படி, படம் எடுக்கப்பட்டவுடனேயே பதிப்புரிமை தோன்றுகிறது, பதிவு கட்டாயமன்று. ஆனால், உரிமையாளர் யார் என்பது காலத்தைப் பொறுத்தது. 2012 நவம்பர் 7ஆம் நாளுக்கு முன், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணம் கொடுத்துப் படமெடுப்பித்தவரே முதல் உரிமையாளர். அந்நாள்முதல் அவ்வுரிமை பொதுவாக ஒளிப்படக் கலைஞருக்கு உரியதாயிற்று. எனவே 1990ஆம் ஆண்டுத் திருமணப் படத்திற்குக் குடும்பத்தாரிடமும், 2015ஆம் ஆண்டு அரங்கேற்றப் படத்திற்குக் கலைஞரிடமும் முதலில் இசைவு கேட்டல் வேண்டும்.

வெளியிடுவோர் மூலக்கோப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அளவு குறைத்த படியையே இணையத்தில் ஏற்றுதல் நன்று. எடுத்தவர் பெயர், ஆண்டு, உரிமைக் குறிப்பு ஆகியவற்றைக் கோப்பினுள் பதிவதோடு, படத்தின் கீழும் எழுதுதல் வேண்டும். சமூக ஊடகங்கள் பல, கோப்பினுள் உள்ள தகவலை நீக்கிவிடுகின்றன. உரிமை மீறப்பட்டால், உரிமையாளரின் அறிவித்தலை இணையச் சேவை வழங்குநர் உரிய பயனருக்கு அனுப்பவேண்டும் என்னும் விதி 2015 சனவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் படத்தை அகற்றும் கடப்பாட்டை அவ்விதி சுமத்தவில்லை. ஆகவே முன்காப்பே சிறந்தது.

இனித் திருத்தம். தூசி, கீறல், ஈரக்கறை ஆகியன தாளுக்கு நேர்ந்த பழுதுகள், அவற்றை நீக்கலாம். ஆனால் நடனமணியின் பின்னே தெரியும் சிவப்பு எக்சிட் பலகையும் மடக்கு நாற்காலிகளும் நிகழ்விடத்தின் பகுதிகள். கண்ணை உறுத்தும் அப்பலகையே, விழா ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்ததென்பதற்குச் சான்றாகலாம்.

படைப்பைச் சிதைக்காதிருக்கக் கோரும் உரிமை, பதிப்புரிமை கைமாறிய பின்னும் படைப்பாளியிடமே நிற்கும். ரொறன்ரோ ஈட்டன் வணிக வளாகத்தில் மைக்கேல் ஸ்னோ படைத்த வாத்துச் சிற்பங்களின் கழுத்தில் நத்தார்க் காலத்தில் நாடாக்கள் கட்டப்பட்டன. சிற்பம் விற்கப்பட்டிருந்தும், அவற்றை அகற்றுமாறு ஒன்ராறியோ நீதிமன்றம் 1982இல் ஆணையிட்டது. படங்களைத் திருத்துவோரும் இதனை நினைவிற் கொள்ளத்தக்கது.

எனவே மூலப்படத்தைத் தொடாது பேணி, திருத்திய படியைத் தனிக்கோப்பாக்கி, எது நீக்கப்பட்டது, யாரால், எந்நாளில் என்பதைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத படம் அழகியதாயினும், நாளைய ஆய்வாளருக்கு நம்பத்தக்க ஆவணமாகாது.