ஈர மணலில் மோதிரம் தேடுதல்

ஃபேரர் பார்க் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்தால், இருபுறமும் நகைக்கடைகளைக் காணலாம். அங்கு வாங்கிய 916 தங்க மோதிரம் ஒன்று, கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் மணலில் நழுவி விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மீட்க உலோகம் கண்டறியும் கருவி உதவும். ஆனால், கருவி இருந்தாலே மோதிரம் கிடைத்துவிடாது. பெரும்பாலும், கருவியின் விலையைவிட அதைப் பிடித்திருக்கும் கையே முடிவைத் தீர்மானிக்கிறது.

கருவியின் அடியில் தட்டுப் போன்ற ஒரு பகுதி இருக்கும். அதனுள் கம்பிச்சுருள்கள் உள்ளன. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணில் புதைந்துள்ள உலோகத்தின்மீது அப்புலம் படும்போது, உலோகத்திலும் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உருவாக்குகிறது. சுருள் அதை உணர்ந்ததும் கருவி ஒலி எழுப்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை.

கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே, ஈர மணலையே உலோகம் என்று கருவி தவறாக எண்ணிவிடக்கூடும். இத்தகைய குழப்பம் புதிதன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலிலிருந்த தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியை அமைத்தார். முயற்சி பலிக்கவில்லை. படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கடற்கரையில் அந்தப் படுக்கையின் இடத்தை ஈர மணல் பிடித்துக்கொள்கிறது.

இதனால்தான் சுருளை வீசும் முறை முக்கியமாகிறது. பழக்கமில்லாதவர்கள் ஊஞ்சல் ஆடுவதுபோல் சுருளை வீசுவார்கள். நடுவில் தாழ்ந்தும் இரு முனைகளில் உயர்ந்தும் அது செல்லும். உயரம் மாறினால் உப்பு மணலின் தாக்கமும் மாறும். கருவி வீணாகக் கத்தும். மேலும், சுருள் உயர்ந்த இடத்தில் ஆழத்திலுள்ள பொருள் தப்பிவிடும். ஆகவே, சுருளை மணலுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே, தரைக்கு இணையாக, இடம் வலமாக நகர்த்த வேண்டும். தரையைக் கூட்டும்போது துடைப்பத்தை உயர்த்தாமல் இழுப்பதைப் போன்றது இது. வேகமும் அளவாக இருக்க வேண்டும். ஒரு வீச்சுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி போதுமானது. மிக விரைவாக வீசினால் சிறு பொருளின் ஒலி தெளிவாகக் கேட்காது. சுருளின் புலம் ஆழத்தில் குறுகுவதால், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடிச் செல்வது நல்லது.

காய்ந்த மணலும் ஈர மணலும் சந்திக்கும் கோட்டில்தான் பலர் பொறுமை இழக்கின்றனர். அங்கே கரையோரமாக நடந்தபடி வீசினால், ஒவ்வொரு வீச்சும் பாதி காய்ந்த மணலிலும் பாதி ஈர மணலிலும் செல்லும். அதற்கு மாறாக, கடலை நோக்கி நின்று வீசினால், சுருள் நீர்க்கோட்டிற்கு இணையாக ஒரே ஈரப்பதமுள்ள மணலின்மீது நகரும். ஈரப் பகுதிக்குள் நுழைந்ததும் கருவியை மண்ணுக்கேற்ப மீண்டும் சமன்படுத்தி, அதன் உணர்திறனைச் சற்றுக் குறைக்க வேண்டும். ஆழம் சிறிது குறையும்; ஆனால், வீண் ஒலி அடங்கும்.

ஒலி கேட்டால் உடனே தோண்டக் கூடாது. அதே இடத்தை வேறு திசையிலிருந்தும் குறுக்காக வீசிப் பார்க்க வேண்டும். இரு திசைகளிலும் ஒலி ஒரே புள்ளியில் கேட்டால், அங்கே ஏதோ உலோகம் இருக்க வாய்ப்புண்டு. அது மோதிரமாகவே இருக்கும் என்பதில்லை. குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் தங்க மோதிரத்தைப் போன்றே ஒலி தரக்கூடும்!

கிடைப்பது பழைய குண்டு போலத் தெரிந்தால் தொடாமல் விலகி, 999க்கு அழைக்க வேண்டும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கிடைத்த 100 கிலோகிராம் எடையுள்ள உலகப்போர்க் காலக் குண்டை வெடிக்கச் செய்ய, 4,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். பிறர் தவறவிட்ட நகை கிடைத்தால் அதைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

தொலைந்தது மோதிரமாக இல்லாமல் மெல்லிய சங்கிலியாக இருந்தால் தேடல் இன்னும் கடினம். மோதிரம் முழு வட்டம் என்பதால் அதில் மின்னோட்டம் நன்றாகச் சுழலும். சங்கிலியின் கண்ணிகளோ தனித்தனிச் சிறு வளையங்களைப் போலவே செயல்படுகின்றன. எடை கூடுதலாக இருந்தாலும் ஒலி மெலிதாகவே கேட்கும். சங்கிலியில் கருவிக்கு முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் அதன் கொக்கியோ பதக்கமோதான்.