மறுபடியும் காலை ஆறு மணி

மே மாதக் கடைசி. ஸ்ரீனிவாசபுரத்து மாம்பழம் ராபர்ட்சன்பேட்டைத் தள்ளுவண்டிகளில் மலிந்து கிடக்கிறது. எங்கள் லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீருடை தைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் தையற்காரர் வேண்டியதில்லை. பதின்மூன்று வயது மகளும் ஒன்பது வயது மகனும் மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கிறார்கள். ஏன் என்பது பெரிய கதை. இன்னொரு இதழுக்கு இருக்கட்டும்.

“அப்படியானால் உங்களுக்குத் தினமும் லீவுதானே?” என்று கேட்காதவர்கள் குறைவு. எங்களுக்கும் விடுமுறை உண்டு, அது முடிவதும் உண்டு. குடியாத்தத்தில் பாட்டி வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்குத்தான் பொழுது விடிகிறது.

போன வருடம் வந்த மறுநாளே கால அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் மகன் அழுதான். நான்காம் நாள் நான் அழுதேன். இந்த முறை முதல் வாரம் பாடப் புத்தகத்தையே தொடவில்லை. என் கணவர் விடியலில் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்புபவர். அந்த அரவத்தோடு பிள்ளைகளும் எழுந்துவிட வேண்டும். எழுந்தபின் சும்மா இருக்கலாம். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பு. கணக்கு மாம்பழ வண்டியில், கன்னடம் எதிர்வீட்டு அம்மாவிடம்.

இதிலெல்லாம் மனம் ஒப்பாதவர் என் மாமனார். ஐந்தாம் வகுப்போடு நின்று, இருபது வயதில் சாம்பியன் ரீஃபில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கேதான் வேலை. சங்கு ஊதினால் எழுந்த தலைமுறை. “பேரப்புள்ளைங்க ஷூ போட்டு ஸ்கூலுக்குப் போறதைப் பார்க்கத்தாம்மா நான் மண்ணுக்குள்ள இறங்கினேன்” என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மகளுக்கு அடுத்த ஆண்டு பதினான்கு வயது. 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய அந்த வயது நிரம்பியிருக்க வேண்டும். அதில் தேறினால் மேற்படிப்புக்குப் போகலாம் என்று மாமாவிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. “பேப்பர் கைக்கு வரட்டும், பார்க்கலாம்” என்பார்.

போன வியாழக்கிழமை மகள் நியூட்ரினோவைப் பற்றிச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் கண்டது நம் தங்கவயல் சுரங்கத்தில்தான். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு கண்டது. சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மேலே இருக்கும் பாறை மற்றக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டே இல்லை.

கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார். ஆய்வுகள் 1965-க்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தன அல்லவா? “அந்த ஆளுங்க நம்ம கேஜுலதாம்மா இறங்குவாங்க. பெட்டி பெட்டியா சாமான் இருக்கும். என்னன்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கிறோம்னு சிரிப்பாங்க.”

மகன் விடவில்லை. இறங்கும்போது காது அடைக்குமா? அடியில் இருட்டா? எவ்வளவு சூடு? (மிக ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்.) மாமா அவன் நோட்டை வாங்கி, நடுங்கும் கையால் ஷாஃப்ட்டை வரைந்தார். எந்த மட்டத்தில் எது இருந்தது என்று புள்ளி வைத்தார். அன்றைக்குச் சோறு வடிக்க ஒரு மணி ஆகிவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பியது நான் இல்லை. முகம் கழுவி விபூதி பூசிக்கொண்டு, நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாமா. “நேத்து எந்த லெவல்ல நிறுத்தினோம்?” என்று மகனைக் கேட்டார். அவன் போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

பேப்பர் எப்போது வரும் என்று இன்றைக்கும் கேட்டார்.