பஸ்ஸில் படிக்க நாலு நாவல்!

படிப்பதற்காகவே மூன்று கிராமங்களை எழுதி வைத்த ஊர் எது தெரியுமா? எங்கள் பாகூர்தான், ஸார்! 9-ம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு (அந்தக் காலத்துக் கல்லூரி) மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது.

அப்பேர்ப்பட்ட ஊர்க்காரர்கள் இன்று பாண்டிச்சேரி பஸ்ஸில் என்ன செய்கிறோம்? யார் வீட்டு நாய்க்குட்டியோ குளிப்பதைச் செல்போனில் பார்க்கிறோம். “நாவலா? அதுக்கெல்லாம் ஏதுங்க டைம்?” என்கிறார் பக்கத்து சீட் நண்பர்.

நான் பி.காம். கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். போக 20 பக்கம், வர 20 பக்கம். பத்தே வேலை நாளில் 400 பக்க நாவல் காலி! நின்றுகொண்டே போகிறவர்களுக்கு இன்னும் ஐந்து நாள் கிரேஸ் பீரியட். விலை கொடுத்து வாங்க யோசிப்பவர்களுக்கு, 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் பாண்டியிலேயே இருக்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம்? ‘பொன்னியின் செல்வன்’ என்பார்கள். பிரமாதம்தான். ஆனால் ஐந்து பாகம் என்றதுமே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. என் சிபாரிசு வேறே.

ஒன்று: பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’. 1995-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. கவர்னர் துய்ப்ளேக்ஸ், அவரது துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை... நாம் தினமும் நடக்கும் தெருக்களில் நடக்கிற கதை. பிள்ளை யார்? பெரிய இடத்து ஆபீஸ் உத்தியோகஸ்தர்! மேலிடத்தின் மூடு பார்த்துப் பேசும் அவஸ்தை 18-ம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

இரண்டு: அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977). கிரிக்கெட் பைத்தியமான ஒரு செகந்திராபாத் கல்லூரிப் பையன். சுற்றிலும் 1948-ன் கலவரம். கடைசிப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று: சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966). ஒரு மரம், சுற்றிக் கடைகள், வியாபாரப் போட்டி, தேர்தல். நம் பக்கத்து வயலில் மனைக்குக் கல் நடும்போதெல்லாம் அந்த மரம் ஞாபகத்துக்கு வரும்.

நான்கு: கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). பிறந்தது இடைசெவல், 2021-ல் மறைந்தது நம் புதுச்சேரியில். கல்லூரிப் பக்கமே போகாத இவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்! தெற்கே தப்பி வந்த ஒரு கூட்டம் காட்டைத் திருத்தி ஊராக்கின கதையை, வயதான பாட்டி ஒருத்தி வாய் வழியாகச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லப் பாட்டி இல்லை. புத்தகத்தை மூடியதும் அப்பாவிடம் கேட்டேன்: “நாம எங்கேர்ந்துப்பா வந்தோம்?” வாங்கின கடன், விற்ற மாடு, ஏரி உடைந்த வருஷம் என்று இரண்டு ராத்திரி சொன்னார். அதற்கு முன் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கரண்ட் பில்தான்.

நாவல் எங்கேயும் ஓடிவிடாது, ஸார். சொல்ல வேண்டியவர்களுக்கு வயசாகிறது.