எது அசல் ஜப்பான்?

பெண்டில் ஹில் கடைத்தெருவில் பார்சல் தோசைக்காகக் காத்திருந்தேன். பழைய நிசான் சில்வியா ஒன்று வந்து நின்றது. கூட வந்த அக்கா மகன் அதன் சக்கரத்தைப் பார்த்ததும், "மாமா, டூப்ளிகேட்டு!" என்றான். ஓட்டி வந்த பையன் காதில் விழுந்துவிட்டது. முகமே சுருங்கிப்போச்சு.

சிட்னி, மெல்பர்னில் ஜப்பான் கார் பிரியர்களுக்குள் ஓயாத சண்டை இது. ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 சக்கரம் அவர்களுக்குத் தங்கம் மாதிரி. அதே சாயலில் வார்த்த மலிவுச் சக்கரம் என்றால் இளக்காரம். ஃபோர்ஜ்டு அலுமினியத்தின் பலம் மட்டமான வார்ப்புக்கு வராது, உண்மைதான். வேகத்தில் பள்ளத்தில் இறங்கி உடைந்தால் உயிரே போகலாம். அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பகுதிநேர வேலைக் காசில் கார் வைத்திருப்பவனை 'ரசனை இல்லாதவன்' என்று மட்டந்தட்டுவது வேறு சங்கதி.

அசல் என்பது எது? ஜப்பானின் லிபர்ட்டி வாக்கே ஃபெராரியின் மட்கார்டை அறுத்து அகலமாக்குகிறது. ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு 'காட்ஸில்லா' என்று 1989இல் பெயர் வைத்தது ஆஸ்திரேலியாவின் 'வீல்ஸ்' இதழ். அதே கார் 1992இல் பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் வென்றபோது கூச்சல் போட்டு அவமதித்ததும் இந்த ஊர்க் கூட்டம்தான். அவர்களுக்கு அன்று ஹோல்டனும் ஃபோர்டும்தானே அசல்!

திரும்பும்போது, தன் சுபாருவில் அவன் ஒட்டியிருக்கும் ஜப்பானிய எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. ஆனா, கெத்தா இருக்குல்ல?"