சில ஆயுதங்களுக்கு ஏன் தடை?

அணி சேர்ந்து சுட்டு விளையாடும் கணினி விளையாட்டுகளில் ஓர் ஆயுதம் ஆட்டத்தையே கெடுக்கிறது என்றால் இரண்டு வழிகள் உண்டு. விலையை ஏற்றலாம், இல்லாவிட்டால் போட்டியில் தடை செய்யலாம்.

முதல் வழிக்குக் கவுண்டர் ஸ்ட்ரைக் நல்ல உதாரணம். அதில் கையிலிருக்கும் பணத்துக்குத் தக்கபடிதான் துப்பாக்கி. ஏகே-47 2700 டாலர். காலில் பட்டால் தவிர ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏடபிள்யூபி 4750 டாலர். வாங்கியவர் செத்தால் அது எதிரியின் கைக்கும் போகலாம். இந்தப் பயமே கடிவாளம். 2015 டிசம்பரில் வந்த ஆர்8 ரிவால்வர், ஏடபிள்யூபி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாமல், உடம்பில் ஒரே குண்டு பட்டாலே கொன்றது. சில நாட்களிலேயே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

2007-ல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ல் ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கப் பணமே கிடையாது. விரும்பியதை எடுத்துக்கொண்டு இறங்கலாம். வால்வ் நிறுவனம் பெரும்பாலும் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் மோதும் பொது ஆட்டத்தை மனதில் வைத்து ஆயுதங்களைச் செய்தது. லீக் போட்டிகளிலோ ஆறு பேருக்கு ஆறு பேர். விலை இல்லாத இடத்தில் தடைதான் மிச்சம்.

வீட்டாசா என்ற ரம்பத்தைப் பாருங்கள். மெடிக் தன் ஆட்களைக் குணப்படுத்தக் குணப்படுத்த ஒரு மானி நிறையும். நிறைந்தால் எட்டு விநாடிகள் அவரையும் அவர் காப்பாற்றுபவரையும் எதுவும் தொடாது. அதற்குள் அவரைக் கொன்றால் மானி காலி. ஆறு பேர் ஆட்டத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது: இரண்டு பேரைப் பலி கொடுத்தாவது மெடிக்கை வீழ்த்தலாமா? 2010-ல் வந்த வீட்டாசா, செத்த பிறகும் மானியில் 20% வரை காப்பாற்றித் தந்தது. 2017 மாற்றத்துக்குப் பின், முன்பே எதிரிகளை அதனால் வெட்டியிருந்தால், 60% வரை. அதனால் எதிரிக்குக் கூடுதல் அடி ஒன்றும் விழவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரின் பலி வீண். இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன்.

எல்லாத் தடையையும் அல்ல. பழக்கமில்லாதது என்பதற்காகவே பட்டியலில் ஏறியவையும் உண்டு என்பது என் எண்ணம். பொது ஆட்டத்தில் ஆசையாகப் பழகிய ஆயுதத்தோடு முதல் போட்டிக்கு வரும் புதியவரிடம், 'அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா' என்றால் அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்? நல்லவேளை, வால்வ் திருத்தங்கள் செய்த பிறகு பலவற்றை லீக்குகள் திரும்ப அனுமதித்தன.

என்ஜினியரின் ராங்ளர் இன்னொரு வேடிக்கை. அவருடைய தானியங்கித் துப்பாக்கிக்கு, வரும் அடியில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும் கேடயம் தரும். ஆறு பேர் மட்டும் இருந்துகொண்டு அதை உடைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்; அங்கே தடை. ஒவ்வொரு வகையிலும் ஒருவர் என ஒன்பது பேர் ஆடும் ஹைலேண்டரில் அனுமதி. அங்கே எதிரே ஸ்பை, ஸ்னைப்பர் எல்லாரும் எப்போதும் உண்டு. ராங்ளர் இல்லாவிட்டால் என்ஜினியர் பாடுதான் திண்டாட்டம்.